எஃப் ஷார்ப்பில் சொந்த டைப்புக்குக் கூட்டல், பெருக்கல்: உழைத்துப் பார்த்த மதிப்புரை

வெக்டர், மேட்ரிக்ஸ், பணம் என்று சொந்தமாக டைப் (தரவு வகை) எழுதிக் கணக்குப் போடுகிறவர்களுக்கு, ஃபங்ஷனல் நிரல் மொழிகளில் எஃப் ஷார்ப்தான் (F#) என் முதல் சிபாரிசு. அதே வகை மொழிகளான ஹாஸ்கெல், ஓகேமல் இரண்டிலும் இதே வேலையைச் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இதில் வேலை சுலபம். ரெக்கார்டுக்கு (பெயரிட்ட புலங்கள் கொண்ட டைப்) உள்ளேயே, டைப்புக்கே உரிய ஃபங்ஷனான ஸ்டாட்டிக் மெம்பராக (+) என்று எழுதி, இரண்டு வெக்டரை வாங்கி, எக்ஸோடு எக்ஸையும் ஒய்யோடு ஒய்யையும் கூட்டிக் கொடுத்தால் போதும். பெருக்கலுக்கு மட்டும் இரண்டு எழுத வேண்டும்: எண் இடப்பக்கம் வருவதற்கு ஒன்று, வலப்பக்கம் வருவதற்கு ஒன்று. வெக்டருக்கு முன்னால் தனியாக வரும் மைனஸுக்கு (~-) என்று எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அர்த்தமுள்ள ஆபரேட்டரை (கூட்டல், பெருக்கல் போன்ற குறியை) மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்பது. ஹாஸ்கெலில் கூட்டல் குறி வேண்டுமென்றால் Num என்ற டைப்கிளாஸ் (ஒரு டைப்புக்கு இருக்க வேண்டிய செயல்களின் பட்டியல்) முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டும்: பெருக்கல், ஆப்ஸ் (தனி மதிப்பு), சிக்னம் (எண்ணின் குறி), ஃப்ரம்இன்டிஜர் (முழு எண்ணை அந்த டைப்பாக மாற்றுவது) எல்லாம். வெக்டருக்கு சிக்னம் எது? 3 என்ற முழு எண்ணை வெக்டராக்கினால் என்ன வரும்? பதில் இல்லாத இடத்தில் எர்ரர் என்று போட்டு வைக்கிறார்கள். கம்பைல் ஆகிவிடும், ஓடும்போது விழும். அதைத் தவிர்க்கத்தான் வெக்டர்களுக்கான லைப்ரரியில் ^+^ என்று தனிக் குறியே வைத்திருக்கிறார்கள். ஆனால் தானியங்கி வகையிடலுக்கு (ஃபங்ஷனின் வகைக்கெழுவை நிரலே கணக்கிடுவது) ஹாஸ்கெலை அடித்துக்கொள்ள ஆளில்லை. மதிப்பையும் வகைக்கெழுவையும் சேர்த்து வைத்த ஜோடிக்கு Num எழுதிவிட்டால், சாதாரண எண்ணுக்கு எழுதிய அதே பொது ஃபங்ஷன் வகைக்கெழுவையும் சேர்த்தே கொடுத்துவிடும். அந்த அழகை வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

ஓகேமலில் முழு எண்ணுக்கு +, தசம எண்ணுக்கு +. என்று குறியே வேறு. நம் டைப்புக்கான மாட்யூலைத் திறந்து அடைப்புக்குள் எழுதினால் கூட்டல் குறி நம் டைப்புக்கு மாறிவிடும். ஆனால் அந்த அடைப்புக்குள் முழு எண்ணைக் கூட்ட முடியாது. சுத்தமான ஏற்பாடுதான், நீளமான சூத்திரத்தில் கண்ணை உறுத்துகிறது.

எஃப் ஷார்ப்புக்கே திரும்புகிறேன். வெக்டர் லிஸ்டை, லிஸ்டில் உள்ளதையெல்லாம் கூட்டும் லிஸ்ட்.சம்மிடம் கொடுத்தால், டைப்பில் ஜீரோ என்ற மெம்பர் எங்கே என்று கம்பைலர் கேட்கும். காலி லிஸ்டுக்கும் ஒரு விடை வேண்டுமே, கேட்பது நியாயம்தான். சராசரிக்கு டிவைட்பைஇன்ட் என்பதையும் கேட்கும். இரண்டையும் எழுதிவிட்டால், நமது வெக்டர் மொழியோடு வந்த எண் மாதிரியே நடந்துகொள்கிறது.

குறை என்றால், பல டைப்புகளுக்கும் பொருந்தும் பொது ஃபங்ஷன்கள்தான். இரண்டைக் கூட்டும் சின்ன ஃபங்ஷனை இன்லைன் (கூப்பிடும் இடத்திலேயே ஃபங்ஷனை விரிக்கச் சொல்லும் சொல்) போடாமல் எழுதினால், முதலில் எந்த டைப்போடு கூப்பிடுகிறோமோ அதோடு ஒட்டிக்கொள்ளும். எங்கும் கூப்பிடாவிட்டால் முழு எண் என்று எடுத்துக்கொள்ளும். இன்லைன் போட்டால் சரியாகிவிடும், ஆனால் பிழைச் செய்தி பக்கம் பக்கமாக நீளும். புதிதாக வருகிறவர்கள் மிரண்டுபோவது இங்கேதான்.

பணத்துக்கு, எண்ணோடு அலகையும் ஒட்டி வைக்கும் யூனிட்ஸ் ஆஃப் மெஷர் வசதியையே பாருங்கள். டாலரோடு யூரோவைக் கூட்டினால் கம்பைலரே தடுக்கும். மாற்று விகிதத்தை டாலருக்கு இத்தனை யூரோ என்று எழுதிப் பெருக்கினால் யூரோ வந்து நிற்கும். கம்பைல் ஆனதும் யூனிட் அழிந்துவிடுவதால் வேகமும் குறையாது. அதே காரணத்தால், நாணயம் எது என்பது டேட்டாபேஸிலிருந்து வருகிறதென்றால் இது உதவாது. அங்கே பணத்துக்கு (+) எழுதவே எழுதாதீர்கள். நாணயம் பொருந்தாவிட்டால் பிழையைத் திருப்பித் தரும்படி, ரிசல்ட் (விடை அல்லது பிழை, இரண்டில் ஒன்றைத் தாங்கும் டைப்) கொடுக்கும் சாதாரண ஃபங்ஷனாக ஒரு பெயர் வைத்து எழுதுங்கள்.