சிங்கிள் ஃபேஸ் கரண்டில் த்ரீ ஃபேஸ் கம்ப்ரசர்: சில வருடம் ஓட்டிய பிறகு

கோவை கணபதி பக்கம் வாடகைக் கட்டடத்தில் பைக் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கட்டடத்துக்கு சிங்கிள் ஃபேஸ் சர்வீஸ்தான். மூடப்போன ஒரு கம்பெனியில் 3 ஹெச்.பி. டூ ஸ்டேஜ் கம்ப்ரசர், 220 லிட்டர் டேங்கோடு நல்ல விலைக்கு வந்தது. மோட்டார் மட்டும் த்ரீ ஃபேஸ். த்ரீ ஃபேஸ் இணைப்பு புதிதாக வாங்க கட்டட உரிமையாளர் கையெழுத்து வேண்டும். அவர் பிடி கொடுக்கவில்லை. அதனால் சிங்கிள் ஃபேஸை வாங்கி த்ரீ ஃபேஸாக்கித் தரும், மோட்டார் வேகத்தையும் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. டிரைவ் என்ற பெட்டியைப் போட்டு சிங்கிள் ஃபேஸிலேயே ஓட்டி வருகிறேன். வேலை செய்கிறதா என்றால், நன்றாகவே செய்கிறது. ஆனால் டிரைவ் வாங்குவது இதில் சின்ன வேலை. பெரிய வேலை மோட்டாரின் டெர்மினல் பாக்ஸிலும் பிரஷர் சுவிட்சிலும் இருக்கிறது.

முதலில் எல்லோரும் சொல்வது கெபாசிட்டர். தோட்டத்தில் டூ ஃபேஸ் வரும்போது கெபாசிட்டர் போட்டு மோட்டார் ஓட்டுகிறார்களே என்பார்கள். அங்கே இரண்டு ஃபேஸுக்கு நடுவில் 415 வோல்ட் இருக்கிறது. மூன்றாவதைத்தான் கெபாசிட்டர் ஒப்பேற்றுகிறது. நம்மிடம் இருப்பது ஒரு ஃபேஸும் நியூட்ரலும், 230 வோல்ட். தவிர, கம்ப்ரசர் லோடு ஒரே மாதிரி இருக்காது. டேங்க் காலியாக இருக்கும்போது ஒன்று, 8 கிலோ பிரஷர் ஏறும்போது வேறொன்று. ஒன்றுக்குப் பொருந்தும் கெபாசிட்டர் மற்றதற்குப் பொருந்தாமல் வைண்டிங் சூடேறும்.

230 வோல்ட் டிரைவ் த்ரீ ஃபேஸை உண்டாக்கித் தரும். 415 வோல்ட்டை உண்டாக்கித் தராது. நம்மூரில் 3 ஹெச்.பி. வரைக்கும் உள்ள மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டப்பட்டவை, அதாவது மூன்று காயில்களின் ஒரு பக்க முனைகளை ஒரே முடிச்சாகக் கட்டியவை. ஸ்டாரில் ஒவ்வொரு காயிலுக்கும் கிடைப்பது 240 வோல்ட்தான். அதே காயில்களை முனையோடு முனை சேர்த்து முக்கோணமாக இணைக்கும் டெல்டாவுக்கு மாற்றினால் 230 வோல்ட்டிலேயே மோட்டார் முழு பலத்தோடு ஓடும். ஆறு முனை வெளியே இருந்தால் டெர்மினல் பாக்ஸில் உள்ள பித்தளைப் பட்டைகளைக் கழற்றி மாற்றிப் போட்டாலே போதும். என் மோட்டாரில் மூன்று வயர்தான் வெளியே வந்திருந்தது. வைண்டிங் கடைக்காரர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "ஏனுங்க, ஸ்டார் முடிச்ச உள்ளயே கட்டி வார்னிஷ் ஊத்தீட்டானுங்க. பிரிச்சு ஆறு வயரா எடுத்துத் தர்றனுங்க" என்றார். காயிலின் ஓரத்தில் ஸ்லீவ் போட்டு மறைத்திருந்த முடிச்சைப் பிரித்து, மூன்று முனைக்கும் தனித்தனி வயர் பற்றவைத்து வெளியே எடுத்துக் கொடுத்தார். ரீவைண்டிங் தேவைப்படவில்லை.

டெல்டாவுக்கு மாற்றியதும் ஆம்ப் ஏறும். மோட்டாரின் பெயர்ப் பிளேட்டில் இருந்த 4.7 ஆம்ப் இப்போது 8 ஆம்பைத் தாண்டுகிறது. டிரைவ் வாங்கும்போது ஹெச்.பி. எண்ணை நம்பாமல் அவுட்புட் ஆம்பைப் பாருங்கள். என்னுடையது 10 ஆம்ப் தரும். உள்ளே வரும் பக்கம் இன்னும் அதிகம், முழு லோடில் 20 ஆம்பைத் தொடும். 4 ஸ்கொயர் வயரும் 32 ஆம்ப் எம்.சி.பி.யும் போட்டிருக்கிறேன். பழைய வீட்டு வயரிங்கில் மாட்டிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் சிங்கிள் ஃபேஸ் இணைப்பின் வரம்பு 4 கிலோவாட். இதோடு கிரைண்டர், லைட் எல்லாம் சேர்த்தால் வரம்புக்குள் இருக்கிறதா என்றும் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டேங்க் நிறைந்ததும் பிரஷர் சுவிட்ச் வழக்கமாக மோட்டாருக்குப் போகும் கரண்டையே வெட்டும். டிரைவ் இருக்கும் இடத்தில் அது கூடாது. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச், ஸ்டார்ட்டர், கெபாசிட்டர் எதுவும் வரக்கூடாது. பிரஷர் சுவிட்சிலிருந்து இரண்டு மெல்லிய வயர் எடுத்து டிரைவின் ரன் டெர்மினலில் கொடுத்தால், காற்று குறையும்போது "ஓடு", நிறைந்ததும் "நில்" என்ற சைகை மட்டும் போகும். இதில் பிற்பாடு ஒரு தொல்லை வந்தது. பத்துப் பதினைந்து ஆம்புக்குச் செய்த காண்டாக்ட் அது; இப்போது அதில் போவது சில மில்லிஆம்ப். பொறி தெறித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள வழியில்லை. கறுத்துப்போய், காற்று தீர்ந்தும் கம்ப்ரசர் எழும்பாமல் நின்றது. கிளீனர் அடித்துத் துடைத்ததும் சரியானது. அதிலிருந்து அவ்வப்போது துடைப்பதுண்டு.

கரண்ட் கட் இன்னொரு தலைவலி. பாதி ஓட்டத்தில் கரண்ட் போனால் பிரஷர் சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்காது. அதனால் பம்பின் ஹெட்டில் இருக்கும் காற்றை வெளியேற்றும் அன்லோடர் வால்வும் திறக்காது. கரண்ட் வந்ததும் மோட்டார் அடைபட்ட காற்றை எதிர்த்துக் கிளம்பப் பார்க்கும், டிரைவ் ஓவர் கரண்ட் காட்டி நின்றுவிடும். கரண்ட் போனதும் சுவிட்சின் குமிழை ஆஃப் பண்ணினால் "புஸ்" என்று காற்று போகும். கரண்ட் வந்தபிறகு ஆன் பண்ணினால் பிரச்சினையில்லை. பையன்களுக்கு இது இப்போது கைப்பழக்கம்.

வாங்கும்போது எதிர்பார்க்காத லாபம் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் கோடை மாலைகளில் வோல்டேஜ் 200க்கு இறங்கும். சாதாரண மோட்டார் அப்போது ஆம்ப் அதிகம் இழுத்துச் சூடாகும். நான் டிரைவில் ஃப்ரீக்வென்சியை 50லிருந்து 42 ஹெர்ட்ஸுக்குக் குறைத்துவிடுகிறேன். அந்த வேகத்துக்கு மோட்டாருக்குத் தேவை 190 வோல்ட் சொச்சம்தான், அது கிடைத்துவிடுகிறது. காற்று ஆறில் ஒரு பங்கு குறையும், ஸ்ப்ரே கன்னுக்கு அது போதும். 35க்குக் கீழே மட்டும் இறக்குவதில்லை. இந்த மாதிரி பம்பில் உள்ளே சுழலும் சின்னக் கரண்டி ஒன்றுதான் எண்ணெயை வாரி இறைக்கிறது. வேகம் குறைந்தால் மேலே எண்ணெய் ஏறாது. ஸ்டார்ட் ஆகும்போது பக்கத்துத் தையல் கடையில் லைட் மங்குவதுமில்லை. டிரைவ் 5 செகண்டில் மெதுவாக வேகம் ஏற்றுகிறது.

பராமரிப்பு என்றால் தூசியும் பல்லியும். பட்டி தேய்க்கும் தூசி டிரைவின் ஃபேனை அடைக்கும். நல்ல சூடு கிடைக்கிறதே என்று பல்லி உள்ளே புகும். போர்டில் விழுந்தால் டிரைவ் அவ்வளவுதான். ஓட்டைகளில் மெல்லிய வலை கட்டிய இரும்புப் பெட்டிக்குள் டிரைவை வைத்து, பெட்டிக்கென்று தனி ஃபேன் மாட்டியிருக்கிறேன். திறந்து துடைப்பதற்குமுன் கரண்டை ஆஃப் செய்து பத்து நிமிடம் விட வேண்டும், உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். எஃப்.எம். ரேடியோ மட்டும் இரைகிறது. அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

5 ஹெச்.பி. வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்ய முடியாது. அந்த மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கே டெல்டாவில் கட்டப்பட்டவை, மாற்றிக் கட்ட இடமில்லை. சிங்கிள் ஃபேஸ் வரம்பும் அதற்குப் போதாது. அதற்கு உரிமையாளரைக் கெஞ்சிக் கூத்தாடியாவது த்ரீ ஃபேஸுக்கு எழுதிக் கொடுங்கள்.