பெரிய எழுத்துப் புதிய ஏற்பாடும் சங்கீதமும்: புத்தாண்டுக்கு ஒரு பரிந்துரை

டிசம்பர் கடைசி வாரத்தில் மதுரையின் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் வசன நாட்காட்டிகளும், புது ஆண்டுக்கான வசனத்தைத் தாங்கிய வாக்குத்தத்த அட்டைகளுமே முன்வரிசையை நிறைத்திருக்கும். வேதாகமத்தின் பிற்பகுதியாகிய புதிய ஏற்பாட்டையும், முற்பகுதியாகிய பழைய ஏற்பாட்டின் பாடல் தொகுப்பான சங்கீதத்தையும் மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்ட ‘புதிய ஏற்பாடும் சங்கீதமும்’ என்ற ஒற்றைப் புத்தகத்தை உள்ளே, கீழ்த்தட்டில்தான் தேட வேண்டும். பார்வை மங்கிய பெற்றோருக்காகப் பிள்ளைகள் வாங்கிச் செல்லும் புத்தகம் என்றே பலரும் அதைக் கருதுகிறார்கள். சென்ற புத்தாண்டு முதல் அதை வாசித்துவருகிறேன். ஆண்டை விசுவாசத்தோடும் அவசரமில்லாமலும் தொடங்க விரும்புகிறவர்கள், எந்த வயதினராயினும், வாங்க வேண்டியது இதைத்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

முழு வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. அதை ஓராண்டில் முடிப்பதற்கு நாளொன்றுக்கு மூன்று அதிகாரங்களுக்கு மேல் வாசிக்க வேண்டும். ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மெக்செய்ன் 1842இல் தம் சபையாருக்கு வகுத்துக்கொடுத்த புகழ்பெற்ற அட்டவணையோ நாளுக்கு நான்கு அதிகாரங்களைக் கேட்கிறது. அந்த ஒழுங்கைக் காத்து முடிப்பவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் முதல் புத்தகமாகிய ஆதியாகமத்திலிருந்து வரிசையாகத் தொடங்குகிறவர் ஜனவரி முடியும்போதே, பலி முறைகளும் சட்டங்களும் நிறைந்த லேவியராகமத்துக்கு வந்துவிடுகிறார். இடையில் ஒரு காய்ச்சலோ வெளியூர்ப் பயணமோ குறுக்கிட்டால் விட்டுப்போன அதிகாரங்கள் தவணை பாக்கியைப் போலச் சேர்ந்துவிடுகின்றன. பிப்ரவரியில் அட்டவணையோடு வேதாகமத்தையும் மூடிவைத்தவர்கள் நம் சபைகளில் குறைவல்ல.

புதிய ஏற்பாட்டில் இருப்பவை 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வைத்துக்கொண்டால் 52 வாரங்களில் சரியாக முடியும். ஒரு நாள் தவறினாலும் சனிக்கிழமையில் சேர்த்துக்கொள்ளலாம். தவறாத வாரத்தில் அந்த வாரம் மனத்தில் தங்கிய அதிகாரத்தை மறுபடியும் வாய்விட்டு வாசிக்கலாம். வாரக் கடைசி நாட்களில் நாளுக்கு ஒரு சங்கீதம் சேர்த்துக்கொள்கிறேன். 176 வசனங்கள் கொண்ட 119ஆம் சங்கீதத்தை மட்டும் அதன் அமைப்பின்படியே எட்டெட்டு வசனங்களாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஜனவரியின் முதல் வாரத்தில் புதிய ஏற்பாட்டின் முதல் புத்தகமாகிய மத்தேயுவைத் தொடங்கினால் ஏப்ரல் தொடக்கத்தில், ஊர் சித்திரைத் திருவிழாவுக்கு ஆயத்தமாகும் நாட்களை ஒட்டி, மூன்றாம் புத்தகமாகிய லூக்கா முடிவடையும். ஈஸ்டர் அந்த நாட்களில் வரும் ஆண்டுகளில், கர்த்தருடைய பாடுகளையும் உயிர்த்தெழுதலையும் அவற்றுக்குரிய காலத்திலேயே வாசிக்கும் பேறும் கிடைக்கும்.

இந்த வேகத்தில் வாசிக்கும்போது என்ன நேர்கிறது என்பதற்கு மாற்கு 5ஆம் அதிகாரம் ஒன்றே போதும். ஜெபஆலயத் தலைவனாகிய யவீரு, மரணத்தறுவாயில் கிடக்கும் தன் மகளுக்காக இயேசுவின் பாதத்தில் விழுந்து வேண்டிக்கொள்கிறான். அவரும் உடனே புறப்படுகிறார். வழியில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரும்பாடு என்னும் இரத்தப்போக்கினால் வருந்திய ஒரு பெண் அவருடைய வஸ்திரத்தைத் தொட்டுச் சுகமடைகிறாள். அவர் நின்றுவிடுகிறார். தொட்டது யார் என்று கேட்டு, சுற்றிலும் பார்த்து, அவள் நடுங்கிக்கொண்டே முழு உண்மையையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்குள் மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தி யவீருவுக்கு வருகிறது. அந்தச் சிறுமிக்கும் வயது பன்னிரண்டு. நாளுக்கு நான்கு அதிகாரங்கள் வாசித்து, அவற்றில் ஒன்றாக இதைக் கடந்துபோனபோது இரண்டு அற்புதங்கள் மட்டுமே என் கண்ணில் பட்டன; அங்கே நின்றுகொண்டு பதைத்த தகப்பனையும், அவனைக் காக்கவைத்தும் கைவிடாத ஆண்டவரையும் கண்டது மெதுவான வாசிப்பில்தான். வேலையும் கவலையும் துரத்தும் ஓர் ஆண்டின் வாசலில் இதைவிடப் பெரிய ஆறுதலை நான் பெற்றதில்லை.

எழுத்து, அதிகாலையில் மங்கலான விளக்கிலும் கண்ணை வருத்தாத அளவுக்குப் பெரியது. வரிகளுக்கிடையே போதிய இடைவெளியும் உண்டு. கைப்பையில் அடங்காது, பேருந்தில் நின்றுகொண்டு வாசிக்க முடியாது. வீட்டில் ஓர் இடத்தில் உட்கார்ந்து வாசிப்பதற்கே உரியது என்பதை நான் குறையாகக் கொள்ளவில்லை. தாள்தான் குறை. மிக மெல்லியது என்பதால் பேனா மை மறுபக்கம் தெரிகிறது, பென்சிலே ஏற்றது. முதுகுக் கட்டும் இன்னும் உறுதியாக இருந்திருக்கலாம். ஐந்தாம் புத்தகமாகிய அப்போஸ்தலர் நடபடிகளை எட்டும்போது என் பிரதியில் முதல் சில தாள்கள் தளர்ந்துவிட்டன. விலை ஒரு நல்ல நாட்குறிப்பின் விலைக்குள் அடங்குகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: பழைய ஏற்பாட்டில் சங்கீதம் தவிர வேறெதுவும் இதில் இல்லை. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து கையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் பலருக்கும் கிடைப்பது பழைய ஏற்பாட்டின் எரேமியா 29:11: ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்தால்தான், அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம் என்பதும், வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்று அதே கடிதம் அவர்களுக்குச் சொல்கிறது என்பதும், திரும்பிவர எழுபது வருஷம் ஆகும் என்று முந்திய வசனமே கூறுகிறது என்பதும் விளங்கும். ஆகவே வீட்டில் முழு வேதாகமம் இல்லாதவர்கள் முதலில் அதை வாங்கட்டும். இது அதற்கு மாற்று அன்று.

வாங்குகிறவர்கள் இணையத்தில் வரவழைக்காமல் கடைக்கே சென்று, புத்தகத்தை விரித்து, எழுத்தின் அளவையும் முதுகுக் கட்டின் உறுதியையும் பார்த்து வாங்குவது நல்லது. பெரிய எழுத்து என்று அட்டையில் போட்டிருந்தாலும் பதிப்புக்குப் பதிப்பு அளவு மாறுகிறது. கிறிஸ்துமஸ் முடிந்த உடனே போனால் கூட்டம் குறைவாக இருக்கும். கடைக்காரரும் நான்கு பிரதிகளை எடுத்துக் காட்ட நேரம் ஒதுக்குவார்.