டவுன் கிளினிக்கா, பக்கத்து ஆஸ்பத்திரியா?

எச்.ஐ.வி. பரிசோதனையும் மருந்தும் இலங்கையில் அரசாங்க கிளினிக்குகளில் இலவசம். ஆனால் மஸ்கெலியாவின் மேல்கணக்குத் தோட்டத்திலிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போய்வர அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும், பஸ் காசும் போகும்.

டவுனில் பெரிய நன்மை ஒன்று உண்டு: யாருக்கும் நம்மைத் தெரியாது. தோட்டத்து டிஸ்பென்சரி வாசலில் நின்றால் மாலைக்குள் லயம் முழுக்கப் பேச்சு. நியாயமான பயம்தான்.

ஆனாலும் பக்கத்து ஆஸ்பத்திரியில் கிடைப்பதே முக்கியம் என்பேன். ஆபத்தான தொடர்புக்குப் பிறகு எடுக்கும் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். வெள்ளி இரவு நடந்ததற்கு, சம்பளத்தை விட்டு டவுனுக்குப் போகும் நாள் வருவதற்குள் நேரம் தாண்டிவிடும். சிகிச்சையும் அப்படித்தான், மாத்திரை தினமும் வேண்டும். ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் தென்படாத நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றாது.

தோட்டப்புறத்தில் இதெல்லாம் நடக்காது என்கிறார்களா? கர்ப்பிணிகளுக்கு நடக்கிறதே! தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனமே இலங்கைக்குச் சான்று கொடுத்தது. அந்தக் கதவை ஆண்களுக்கும் திறக்க வேண்டும். தனி வரிசை வேண்டாம், பிரஷர் கிளினிக் நாளிலேயே கொடுக்கலாம். சிகிச்சையில் உடல் நிலையாக இருப்பவருக்கு மூன்று மாத மருந்தை ஒரேயடியாகக் கொடுக்கலாம். டவுன்தான் வசதி என்பவர், சரி, அங்கேயே போகட்டும்.