எரித்ரோமைசினா, அசித்ரோமைசினா?

பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கில் டாக்டர் இந்த இரண்டில் ஒன்றை எழுதித் தரக்கூடும். இரண்டும் ஒரே குடும்பத்து ஆன்டிபயாட்டிக், அதாவது பாக்டீரியாவை எதிர்க்கும் மருந்து. பாக்டீரியாவுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைப் பிடித்து வேலையை நிறுத்திவிடும்.

எரித்ரோமைசின் மூத்தது, 1952-இல் வந்தது. நாளுக்கு இரண்டு முதல் நான்கு வேளை சாப்பிட வேண்டும். குடலை அசைக்கும் மோட்டிலின் ஏற்பிகளையும் தூண்டுவதால் வயிற்றைப் பிசையும், சிலருக்கு வாந்தியே வரும். இதைவிட முக்கியமான விஷயம், கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் எடுக்கும் நம் அப்பா அம்மாக்களுக்கு இது கூடவே கூடாது. கல்லீரல் அந்த மருந்தை உடைத்து அகற்றுவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றி, தசையையே சிதைத்துவிடலாம். வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதைத் தயவுசெய்து மறைக்காதீர்கள்.

அசித்ரோமைசினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. திசுக்களுக்குள் புகுந்து நாள்கணக்கில் தங்குவதால் தினம் ஒரு வேளை, பல தொற்றுகளுக்கு 3 அல்லது 5 நாள் போதும். ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, இதயத்துடிப்பில் கோளாறு இருந்தால்? இரண்டுமே ஆபத்தாகலாம், முதலிலேயே சொல்லிவிடுங்கள். வைரஸால் வரும் சளிக்கு இரண்டுமே உதவாது. மலேசியாவில் பார்மசியில் வாங்க மருந்துச் சீட்டும் வேண்டும்.