கீமோ டே கேர் வார்டு: ஐந்துக்கு மூன்றரை

பெரம்பூரிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். மின்சார ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோ பச்சை லைன். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கீமோ டே கேர் வார்டு. சிகிச்சை இன்னும் முடியவில்லை என்பதால் பெயர் போடவில்லை. ஐந்து தடவை போய் வந்துவிட்டோம், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

அக்காவுக்கு 58 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். முதலில் ரேடியேஷன் கொடுத்துச் சரியானது. இரண்டு வருடம் கழித்து வயிற்றுக்குள் நெறிகட்டியில் திரும்பி வந்துவிட்டது. இப்போது பேக்ளிடாக்சல், சிஸ்பிளாட்டின் என்று இரண்டு கீமோ மருந்து, கூடவே பெவாசிஸுமாப். இந்தக் கடைசிப் பெயரை ஒழுங்காகச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

டாக்டருக்கு முழு மார்க். மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். கட்டி வளர வேண்டுமென்றால் ரத்தம் வேண்டும். அதற்காக அது வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை வெளியே அனுப்பும். அது பக்கத்து ரத்தக் குழாயின் மேலிருக்கும் ஏற்பியில் போய் உட்கார்ந்ததும் அங்கிருந்து புதுக் குழாய் கிளைக்கத் தொடங்கும். மெயின் பைப்பில் திருட்டுக் கனெக்‌ஷன் எடுப்பது மாதிரி என்று வைத்துக்கொண்டேன். பெவாசிஸுமாப் அந்தப் புரதத்தைப் போகிற வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. சிக்னல் போய்ச் சேராது. இந்த நோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸின் ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்கள், செல்லைக் கட்டுக்குள் வைக்கும் பி53, ஆர்.பி. என்ற நம் உடம்பின் புரதங்கள் இரண்டையும் முடக்கிவிடுகின்றன. அந்தச் சிக்னல் எகிறுவதற்கு அதுவும் ஒரு காரணமாம்.

"எவ்வளவு நாள் கூடும் சார்?" என்று கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. 2014-இல் வெளியான ஆய்வு, 452 பெண்கள். கீமோ மட்டும் போட்டவர்களில் பாதிப்பேர் 13.3 மாதத்தைத் தாண்டினார்கள், இதையும் சேர்த்துப் போட்டவர்களில் பாதிப்பேர் 17 மாதத்தைத் தாண்டினார்கள் என்றார். அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "தாண்டுற பாதியில நான் இருக்கேன்டா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அப்புறம்தான் எடை மெஷின் கதை. நான் 22 வருடமாக நகைக்கடையில் தராசு பிடிக்கிறவன். கல் வைத்த தோடு என்றால் கல் எடையைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்குப் பில் போடுவோம். பெவாசிஸுமாபுக்கு அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம். முதல் தடவை அக்காவைச் செருப்போடு, தோளில் தண்ணீர் பாட்டில் வைத்த பையோடு அப்படியே மெஷினில் ஏற்றினார்கள். 54.6 கிலோ. பெருக்கினால் 819. மருந்து வருவது 400, 100 என இரண்டு அளவுக் குப்பிகளில். அந்த 19 மில்லிகிராமுக்காகத் தனியாக ஒரு 100 குப்பி உடைத்தார்கள். மிச்சம் 81 குப்பையில். திறந்த குப்பியை அடுத்த தடவைக்கு வைக்க முடியாது, அது நியாயம். ஆனால் எடை?

இரண்டாவது தடவை செருப்பையும் பையையும் நான் வாங்கிக்கொண்டேன். 53.2. கணக்குப் போட்டால் 798. இரண்டு 400 குப்பியோடு முடிந்தது. பில் கவுன்டரில் முதல் தடவை விஷயத்தைக் கேட்டால், "ப்ரோட்டோகால் சார்" என்று ஒரே பதில். டாக்டரிடம் சொன்னேன். ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கினாலும் இனி 800-க்கே முழுமைப்படுத்திக்கொள்ளலாம் என்று ஃபைலில் எழுதிக் கொடுத்தார். போன காசு போனதுதான்.

மருந்தை உள்ளேயேதான் வாங்க வேண்டும் என்று இவர்கள் கட்டாயப்படுத்துவதில்லை, அதைச் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை வெளியே வாங்கி, கத்திரி வெயிலில் தெர்மோகோல் பெட்டியோடு போனேன். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. சிஸ்டர் குப்பியைக் கையில் வாங்கியதுமே, "ஐஸ் பேக்மேல நேரா வைக்காதீங்க அண்ணா, நடுவுல அட்டை வைங்க" என்றார். மிச்சமான காசை விட ரயிலில் பட்ட பதற்றம் அதிகம். அடுத்த தடவையிலிருந்து அவர்களிடமே வாங்கிவிட்டேன்.

சிஸ்டர்கள் தங்கம். (தொழில் புத்தி, மன்னிக்கவும்.) ஒவ்வொரு தடவையும் பி.பி. பார்த்து, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்த பிறகுதான் மருந்தைத் தொடுகிறார்கள். இந்த மருந்து பி.பி.யை ஏற்றிவிடும், அக்காவுக்கு நான்காவது தடவை 160 காட்டி ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள். ஆடுகிற கடைவாய்ப் பல்லைப் பிடுங்கலாமா என்று அக்கா கேட்டதற்கு, புண் ஆறாது, டாக்டரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள் என்றார்கள். ரேடியேஷன் பட்ட இடம் என்பதால் சிறுநீரோ மலமோ பிறப்புறுப்பு வழியாகக் கசிந்தால் உடனே வரச் சொல்லி, அதையும் வெட்கப்பட விடாமல் விளக்கினார்கள். ஒருநாள் குளுக்கோஸ் பாட்டிலை எடுத்த புதுப் பெண்ணை மூத்த சிஸ்டர் அங்கேயே தடுத்து சலைனை மாட்ட வைத்தார். இந்த மருந்தைக் குளுக்கோஸில் கலக்கக் கூடாதாம். முதல் தடவை இதை மட்டும் ஏற்ற ஒன்றரை மணி நேரம், இப்போது அரை மணியில் முடிகிறது. மற்ற இரண்டும் சேர்ந்து எப்படியும் சாயங்காலம் ஆகிவிடும்.

காபி சுமார். ஏசி குளிர் எலும்பில் இறங்கும், போர்வை கொண்டு போங்கள்.

என் பெரிய குறை கழிப்பறை. 14 நாற்காலி, ஒரு கழிப்பறை. சிஸ்பிளாட்டினுக்காக லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றுகிறார்கள். அடிவயிற்றில் ரேடியேஷன் எடுத்த பெண்களால் அடக்க முடியாது. போதாக்குறைக்கு வாசலில் இரண்டு விரல் உயரத்துக்கு நிலைப்படி. சலைன் ஸ்டாண்டின் சக்கரம் அதில் முட்டி நின்றுவிடுகிறது. ஒரு கையில் ஊசி, மறு கையில் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அக்கா அதைத் தாண்டுவதை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். புகார்ப் பெட்டியில் மூன்று சீட்டுப் போட்டாயிற்று. அங்கே ஒரு சரிவுப் பலகை போடட்டும், அன்றைக்கே நாலரை ஆக்கிவிடுகிறேன்.