ஆசாரியா, யூபிவிசியா: தேய்ந்துபோன தேக்கு ஜன்னல்களுக்கு எது சரி?

சிந்துபூந்துறையில் உள்ள எங்கள் பூர்விக வீட்டில் எட்டு ஜன்னல்கள். எல்லாம் ஒரே அளவு: நாலடி உயரம், மூன்றரை அடி அகலம். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கதவுகள். நடுவே செங்குத்தாக இரும்புக் கம்பிகள். கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறந்து வைத்தால், தெருவில் போகிறவர்களுக்கு வீடு தெரியாது, வீட்டுக்குக் காற்று வரும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவன் திருநெல்வேலிக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று சிறுவயதில் நம்பியிருந்தேன்.

2017-இல் அடுக்களை ஜன்னலையும் பின்னறை ஜன்னலையும் பெயர்த்தெடுத்துவிட்டு யூபிவிசி, அதாவது கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம் கொண்ட ஜன்னல் போட்டோம். மிச்சம் ஆறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி பெருகி வீட்டுக்குள் வந்துவிட்டுப் போனது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. எங்கள் வீட்டில் ஜன்னலின் அடிச்சட்டத்துக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால், ஏற்கெனவே ஐப்பசியில் மூடாமலும் பங்குனியில் மூடியும் இடைவெளி விட்டுக்கொண்டும் இருந்த ஆறு ஜன்னல்களும் ஒட்டுமொத்தமாக ஊதிக் கிடந்தன. ஆறையும் கழற்றிவிட்டு யூபிவிசி போடுவதா, ஆசாரியைக் கூப்பிட்டுச் சரிசெய்வதா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. சரிசெய்தோம். அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். யூபிவிசிக்குப் பெயின்ட் வேண்டாம், கரையான் அரிக்காது, துருப்பிடிக்காது. தூசியையும் தெருச் சத்தத்தையும் மரத்தைவிட நன்றாகத் தடுக்கும். கொசுவலை அதனுடனேயே வந்துவிடும். ஏசி வைத்த அறையில் மரக்கதவின் இடுக்கு வழியாகக் குளிர் கசியும். யூபிவிசியில் ரப்பர் பட்டை அதைப் பிடித்து நிறுத்தும். இவை எல்லாம் உண்மை. மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

காற்று விஷயம் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டியது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வரும். மழையைக் குற்றாலத்திலேயே கொட்டிவிட்டு, வெறும் காற்றாகத்தான் திருநெல்வேலிக்கு வந்து சேரும். ஆடிக் காற்றில் அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை. கொக்கி மாட்டாத ஜன்னல் கதவு சுவரில் மோதிக் கீலோடு பெயர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். இதில் ஸ்லைடிங் யூபிவிசிக்கு ஒரு மதிப்பெண். ஆனால் அதே ஸ்லைடிங் ஜன்னல் எப்போதும் பாதிதான் திறக்கும். பதினான்கு சதுர அடிக்குப் பணம் கொடுத்துவிட்டு ஏழு சதுர அடிக் காற்று வாங்குகிறோம். சித்திரை மாத இரவில் மின்சாரம் போகும்போது இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். வெளிப்பக்கம் திறக்கும் யூபிவிசி ஜன்னலும் உண்டு, விலை கூடுதல். அதை நான் போட்டுப் பார்த்ததில்லை.

விலைக்கு வருவோம். ஆறு ஜன்னல்களுக்கு மொத்தம் 84 சதுர அடி. யூபிவிசிக்கு எனக்குச் சொல்லப்பட்ட விலை சதுர அடிக்கு 750 ரூபாய், ஆக 63,000. பழைய சட்டத்தைப் பெயர்ப்பதும் சுவரைப் பூசுவதும் தனி. ஆசாரியும் கையாளும் ஒன்பது நாள் வேலை செய்தார்கள். கூலி, மரம், கீல், ப்ரைமர், எண்ணெய் எல்லாம் சேர்த்து எனக்கு 28,600 ஆனது. ஒவ்வொரு வீட்டுக்கும் இது மாறும். சட்டங்கள் முழுக்க அரித்துப்போன வீட்டில் கணக்கு தலைகீழாகவும் ஆகலாம்.

யூபிவிசி விற்க வந்தவர் போகிறபோக்கில் ஒன்று சொன்னார். “பழைய ஜன்னல்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் சார், நாங்களே கழற்றி இலவசமாக எடுத்துப் போய்விடுகிறோம்.” அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். “இலவசமாகவா? அப்படியானால் அது நல்ல மரம்தான்” என்றாள். காரைக்குடியில் பழைய வீட்டுக் கதவுகளும் ஜன்னல்களும் என்ன விலைக்குப் போகின்றன என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தாராள மனதின் காரணம் விளங்கும்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது விலை அல்ல. ஒரு ஜன்னல் கெட்டால் அதில் கெட்ட பகுதியை மட்டும் மாற்ற முடியுமா, மாற்றித்தர ஊரில் ஆள் இருக்கிறாரா என்ற ஒரே விஷயம்தான். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பின்னறை யூபிவிசி ஜன்னல்.

ஐந்தாவது வருடம் அதன் ரோலர் தேய்ந்தது. அடியில் ஓடும் சின்னச் சக்கரம், கட்டைவிரல் அளவுகூட இருக்காது. கதவு ட்ராக்கில் உரசி நகர மறுத்தது. போட்டுக்கொடுத்தவரைத் தேடிப் போனேன். கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. வேறொரு கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, “இது எங்கள் கம்பெனி வார்ப்பு இல்லை, எங்கள் ரோலர் இதில் உட்காராது” என்றார். யூபிவிசியில் ஒவ்வொரு கம்பெனியும் தன் சட்டத்தைத் தன் அளவில் வார்க்கிறது. உள்ளறைகள், பள்ளங்கள், ரப்பர் பட்டை உட்காரும் வாய் எல்லாம் தனித்தனி. மூலைகளைச் சூட்டில் உருக்கி ஒட்டியிருப்பார்கள். ஆகவே ஒரு பக்கச் சட்டம் விரிசல் விட்டால் அதை மட்டும் எடுத்து மாற்ற வழியில்லை, கதவையே மாற்ற வேண்டும். அந்தக் கடைக்காரர் கடைசியில் ஜன்னலையே மாற்றிவிடச் சொன்னார். கட்டைவிரல் அளவு சக்கரத்துக்காக முழு ஜன்னல்! பாளையங்கோட்டையில் அலுமினிய வேலை செய்யும் ஒருவர் வேறு ரோலர் ஒன்றை அரத்தால் ராவிப் பொருத்திக் கொடுத்தார். இப்போது ஓடுகிறது. ஓடும்போது நாய்க்குட்டி முனகுவதுபோல் ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்.

வெள்ளத்துக்குப் பிறகு அதே ஜன்னலின் ட்ராக்கில் வண்டல் அடைந்தது. தண்ணீர் வடியும் சிறு துளைகளை ஊசியால் குத்திக் குத்தித்தான் திறக்க வேண்டியிருந்தது. சட்டத்தின் உள்ளே வலுவுக்காக இரும்புப் பட்டை செருகியிருப்பார்கள். அந்தக் குழிக்குள் எவ்வளவு சேறு போயிருக்கிறது என்பதைப் பார்க்க வழியே இல்லை.

மரத்துக்கு வருகிறேன். ஆசாரி வந்ததும் அளவெடுக்கவில்லை. கூர்மையான குத்தூசியை எடுத்து ஒவ்வொரு சட்டத்திலும் கீழிருந்து மேலாகக் குத்திக்கொண்டே போனார். அடியில் ஊசி சுலபமாக இறங்கியது. அரையடிக்கு மேல் எங்கேயும் இறங்கவில்லை. ஆறு ஜன்னல்களில் நான்கின் கீழ்க்கதவு அடிக்கட்டைகள் மட்டும் இற்றுப்போயிருந்தன. இரண்டில் அடிச்சட்டம் வெடித்திருந்தது. வெடித்ததற்குக் காரணம் மரம் இல்லை, கம்பி. கம்பி சட்டத்துக்குள் இறங்கும் துளையில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அது மரத்தை உள்ளிருந்து பிளக்கும்.

“தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தார், இது பர்மா தேக்கு” என்றேன் பெருமையாக. ஆசாரி ஒரு சீவலைச் சீவி முகர்ந்தார். “திருநெல்வேலியில் எந்த வீட்டுக்குப் போனாலும் பர்மா தேக்கு என்றுதான் சொல்கிறார்கள் அண்ணாச்சி. எந்த மலை மரமாக இருந்தால் என்ன, வைரம் பாய்ந்திருக்கிறது. இதைக் கழிக்காதீர்கள்” என்றார். தேக்கில் கரையானுக்கும் ஈரத்துக்கும் ஈடுகொடுப்பது உள்ளிருக்கும் வைரம்தான். வெளிவட்டத்தில் இருக்கும் வெள்ளைக்கு அந்தத் திறம் கிடையாது. இன்று கடையில் கிடைக்கும் இளந்தேக்கில் வெள்ளைதான் அதிகம். ஆகவே, நான் சொல்வதைப் புது வீட்டுக்குப் புதுத் தேக்கு ஜன்னல் போடுங்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புது வீடு கட்டுகிறவருக்கு நானே யூபிவிசியைத்தான் சொல்வேன்.

பழைய ஜன்னல்களில் ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி மற்றதன் துளையில் இறக்கி, குறுக்கே மூங்கில் ஆணி அடித்துப் பூட்டியிருந்தார்கள். மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்ததும் கதவு நான்கு துண்டாகக் கழன்று விழுந்தது. இற்ற அடிக்கட்டையை மட்டும் எடுத்துவிட்டு, இடித்த வீடுகளின் மரம் விற்கும் கடையில் வாங்கிய பழைய தேக்கில் புதிதாக ஒன்று செதுக்கி மாட்டினார். பழைய மரம் ஏன் என்றால், அது பல காலம் காய்ந்து சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கிவிட்டது. புது மரம் போட்டால் அடுத்த கோடையில் மூட்டு பல்லிளிக்கும். வெடித்த அடிச்சட்டங்களில் கெட்ட பகுதியைச் சாய்வாக அறுத்து ஒட்டுப்போட்டார். தண்ணீர் ஒட்டில் தேங்காமல் வெளியே வழிய வேண்டும் என்பதற்காகச் சாய்வு. கம்பிகளின் முனைகளைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தோம். கட்டைகளின் வெட்டுமுகங்களில் ஆளிவிதை எண்ணெயை அது குடிக்கிற மட்டும் ஊற்றினோம். மரத்துக்குள் தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் வெட்டுமுகம் வழியாகத்தான். தச்சர் ஒருவரும் உளியும் இருந்தால் போதும், எந்தக் கம்பெனியையும் தேட வேண்டியதில்லை.

இதில் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளம் வடிந்து இரண்டே மாதத்தில், ஆசாரி வருவதற்கு முன்பே, தெரு ஜன்னல் ஒன்றுக்கு நானே எனாமல் அடித்தேன். மரத்தின் உள்ளே ஈரம் இருந்தது. பங்குனி வெயில் பட்டதும் பெயின்ட் முழுக்கக் கொப்புளம். நனைந்த மரத்தை நிழலில், காற்றோட்டத்தில், மாதக்கணக்கில் காய விட வேண்டும். வெயிலில் போட்டால் மேல்புறம் மட்டும் காய்ந்து பிளக்கும். மற்ற ஐந்தும் வைகாசி வரை பொறுத்தன, இன்றுவரை கொப்புளம் இல்லை.

பழைய பெயின்டைச் சுரண்டுவோருக்கு ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே உலரத் தேய்க்காதீர்கள், நனைத்துத் தேயுங்கள். முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளை ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

மரத்தின் பராமரிப்பு சும்மா வராது. மேற்கு வெயில் படும் ஜன்னல்களுக்கு மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பூச்சு வேண்டும். மழைக்கு முன் கீலுக்கு எண்ணெய் விட வேண்டும். வெளியூரில் இருந்துகொண்டு வருடத்துக்கு ஒருமுறை கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் வருகிறவர்களுக்கு இது ஒத்துவராது. அவர்கள் யூபிவிசி போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அடுக்களையிலும் யூபிவிசிதான் சரி. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போய்விடுகிறது, மரத்தில் அது ஏறிக் கறுத்துவிடும். அடுக்களை ஜன்னலைப் பற்றி எட்டு வருடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரோலர் தேய்ந்ததும் அங்கே அல்ல, தினம் பத்து முறை திறந்து மூடும் பின்னறையில். ஒரே ஒரு ஜன்னலை வைத்து ஒரு பொருளையே குறை சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால், அதிலும் நியாயம் இருக்கிறது.

சாதாரண அலுமினியம் பெரும்பாலும் யூபிவிசியைவிட மலிவு, ஆனால் வெயிலில் சூடாகும். எங்கள் வீட்டில் அது இல்லாததால் அதற்கு மேல் பேசவில்லை.

பின்னறை ஜன்னல் இப்போது மறுபடியும் நகர மறுக்கிறது. 2017-இல் அங்கிருந்து பெயர்த்தெடுத்த தேக்கு ஜன்னலைத் தூக்கிப்போட மனம் வராமல் பரணில் வைத்திருந்தோம். ஆசாரி ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். ஒரு கீலும் ஒரு அடிக்கட்டையும்தான் மாற்ற வேண்டுமாம்.