மவுண்ட் அபுவில் "பச்சை முனியா கேரண்டி" என்றால் உஷார்!

ராஜஸ்தான் பக்கம் பறவை பார்க்கக் கிளம்பும் நம்மாட்களுக்காக இதை எழுதுகிறேன். பச்சை முனியாவைப் பத்தடியில் காட்டுகிறேன், வரலைன்னா பணம் வாபஸ் என்று வாட்ஸ்அப்பில் யாராவது ஆசை காட்டினால் முன்பணம் அனுப்பிவிடாதீர்கள்.

பச்சை முனியா இந்தியாவுக்கே உரிய பறவை. நம்மூர் சிவப்புச் சில்லைக்கு நெருங்கிய சொந்தம். முதுகு பச்சை, வயிறு மஞ்சள், விலாவில் கறுப்பு வெள்ளை வரி, அலகு செக்கச்செவேல். அந்த அழகே அதற்கு வினை. கூண்டு வியாபாரத்துக்குப் பிடித்துப் பிடித்தே பல இடங்களில் அருகிப்போய்விட்டது. அச்சல்கர், ஓரியா, குரு சிகர் பக்கத்து உண்ணிச்செடிப் புதர்களிலும் வயல் ஓரங்களிலும் இன்னும் பார்க்கலாம் என்பதால்தான் எல்லோரும் அபுவுக்குப் போகிறார்கள்.

அப்படி நம்பி நாங்கள் பணம் கட்டிய கைடு அந்தப் பக்கமெல்லாம் போகவே இல்லை. யாரோ ஒருவரின் தோட்டத்துக்குப் பின்னால் பச்சை வலை கட்டிய ஹைடு (மறைந்திருந்து படம் எடுக்கும் கூடாரம்), முன்னால் தினை இறைத்த தரை, நட்டுவைத்த ஒரு குச்சி. நாலு பேர்தான் என்று சொல்லிவிட்டு ஒரு கும்பலையே உள்ளே அடைத்திருந்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

காட்டு முனியா கூட்டமாக இறங்கும், சின்னச் சத்தம் கேட்டாலும் மொத்தமாகப் புதருக்குள் பாய்ந்துவிடும். இங்கே ரெண்டே ரெண்டு, அலகைத் திறந்தபடி அதே குச்சியில். இத்தனை ஷட்டர் படபடத்தும் நகரவில்லை. கேமரா திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வால் நுனி தேய்ந்த துடைப்பமாக இருந்தது. அலகுக்கு மேலே இறகு போய்த் தோல் தெரிந்தது, கூண்டுக் கம்பியில் முட்டி முட்டி வருவது அது. ஒரு சிறகில் நீள இறகுகள் எல்லாம் ஒரே கோட்டில் முடிந்தன.

கேட்டதற்கு, "இறகு உதிரும் சீசன் சார்" என்றார். உதிரும் இறகு அடியோடு விழும், பாதியில் நேராக வெட்டுப்படாது. அதைச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. பறவை வந்தாயிற்று, படமும் எடுத்தாயிற்று, அப்புறம் என்ன வாபஸ் என்று கையை விரித்தார்.

பணம் போனால் போகட்டும். நாம் கொடுக்கும் அந்தக் காசுதான் அடுத்த முனியாவுக்கு வலை விரிக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். நம் நாட்டுக் காட்டுப் பறவையைப் பிடிப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டுப் பறவையின் படத்தைக் காட்டுப் பறவை என்று ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் பொய்த் தகவலும் சேர்ந்துகொள்ளும்.

போகிறவர்கள் முன்பே கேளுங்கள்: எந்த இடம், தனியார் நிலமா, இரை போடுவீர்களா? "அங்கே வந்து பாருங்க" என்று மழுப்பினால் வேறு ஆள் தேடுங்கள். அதே தோட்டத்தில் ஏற்கெனவே படம் எடுத்தவர்கள் ஒரிஜினல் ஃபைலை அழிக்காமல் வையுங்கள். வனத்துறையிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், உங்கள் படங்களும் சேர்ந்தால் வழக்குக்கு வலு கூடும்.